எட்டு வயர்

கேபிளால் வாங்கும் அடி பிரம்படி மாதிரி இல்லை. பிரம்பை ஓங்கும்போதே காற்றில் சத்தம் வரும், உடம்பு தயாராகிக்கொள்ளும். கேபிள் சத்தமில்லாமல் வந்து கையைச் சுற்றிக்கொள்ளும். இரண்டாக மடித்து அடித்தால் இரட்டைக் கோடு விழும். போடியில் நான் படித்த பாலிடெக்னிக்கில், நெட்வொர்க் லேப்பில், எனக்கு வாரம் ஒரு தடவையாவது அந்தக் கோடு விழுந்தது.

அடித்தவர் லேப் சார். என் மேல் அவருக்குத் தனிப் பகை எதுவும் கிடையாது. நான் வேண்டுமென்றே தப்பாகச் செய்கிறேன் என்று நம்பினார், அவ்வளவுதான். பகையாக இருந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம்.

கம்ப்யூட்டர்களை இணைக்கிற கேபிளை உரித்தால் உள்ளே எட்டு வயர் இருக்கும். இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொன்றுக்கும் துணையாக அதே நிறத்தில் கோடு போட்ட ஒரு வெள்ளை வயர். முறுக்கைப் பிரித்து, எட்டையும் சுவரில் ஒட்டியிருக்கிற படத்தின்படி நிற வரிசையில் அடுக்கி, சின்ன பிளாஸ்டிக் முனைக்குள் செருகி, கிரிம்பிங் டூல் என்கிற கனத்த இடுக்கியால் ஓர் அமுக்கு அமுக்க வேண்டும். இரண்டு முனையும் முடிந்ததும் டெஸ்டரில் மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரியும். வகுப்பில் எல்லாருக்கும் எரிந்தது. எனக்கு இந்தப் பக்கம் ஒன்று எரிந்தால் அந்தப் பக்கம் மூன்று எரியும். இரண்டு எரிந்தால் எட்டு எரியும். கிறுக்குப் பிடித்த மாதிரி விளக்கு அங்கும் இங்கும் குதிக்கும்.

"சுவத்துல படம் ஒட்டி வச்சிருக்கேன்ல? கண்ணு எங்கிட்டு இருக்கு உனக்கு?"

"பாத்துத்தான் சார் செஞ்சேன்."

"பாத்துச் செஞ்ச லட்சணமா இது? எகத்தாளம்டா உனக்கு. கைய நீட்டு."

நீட்டினேன்.

அடி எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட லீவு விட்டால் அம்மாவோடு எங்கள் ஊர் சிலமலையிலிருந்து பஸ் ஏறி ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போவேன். மலையில் உலர்த்தி மூட்டையில் வந்த காயைத் தரையில் கொட்டிவைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து, நல்ல பச்சையை ஒரு பக்கமும் வெளுத்ததையும் பழுப்பேறியதையும் இன்னொரு பக்கமும் ஒதுக்குவார்கள். என் முறத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். மேஸ்திரி தலையில் குட்டுவார். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதுகில் வைப்பாள். கவனமில்லாத பயல் என்று பெயர் வாங்கிவிட்டேன். தக்காளி வாங்கப் போனால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பேன், கடைக்காரர் கத்துவார். எல்லாரும் அமுக்கித்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

என் வகுப்பில் தேவாரம் என்கிற ஊரிலிருந்து ஒருவன் வந்தான், தேவாரத்துக்காரன் என்றே கூப்பிடுவோம். மலையடிவாரத்தில் அவர்களுக்குத் தோட்டம். யானை இறங்கினால் தகரம் தட்டி விரட்டுகிறவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். அன்றைக்கு நான் அடி வாங்கிவிட்டு மறுபடியும் வயரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையிலிருந்து சத்தமாகச் சொன்னான்:

"இவங்க ஆத்தா காய் பொறுக்குது. மகன் வயரு பொறுக்குறான். ஆத்தாளுக்காச்சும் நல்ல காயி எதுன்னு தெரியும்."

லேப்பே சிரித்தது. என் கையில் கிரிம்பிங் டூல் இருந்தது. அதோடே அடித்தேன். புருவத்தில் பட்டது. கிழிந்து தொங்கியது. கீபோர்டில் ரத்தம் சொட்டி எழுத்துக்களுக்கு நடுவில் இறங்கியது. அவன் சும்மா இருக்கவில்லை. நாற்காலியைத் தூக்கி என் விலாவில் இறக்கினான். இரண்டு பேரையும் பிரிக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

அவனுக்குத் தையல். எனக்குப் பத்து நாள் சஸ்பெண்ட். முதல்வர் என்னை நிற்கவைத்து, இன்னொரு புகார் வந்தால் டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவேன் என்றார். அந்தப் பருவத்தில் நெட்வொர்க் செய்முறைத் தேர்வில் பெயிலும் ஆனேன்.

அப்பா இல்லாத வீட்டில் அம்மாவின் தம்பி சொன்னதுதான் சட்டம். மாமா ஜீப்பு ஓட்டுகிறவர். காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவார், திரும்பும்போது மூட்டை ஏற்றி வருவார். அவரிடம் லோடு ஏற்ற வந்த ஆட்கள் எவரும் ஆறு மாதம் தாங்கியதில்லை. எதிர்த்துப் பேசிய ஒருவரைக் கொண்டை ஊசி வளைவில் கழுத்தைப் பிடித்து இறக்கிவிட்டு, மழையில் நடந்து வரச் சொன்னவர் அவர். பெயிலான தாளைப் பார்த்துவிட்டு மடித்து என் முகத்தில் எறிந்தார்.

"அடுத்த தடவையும் கோட்ட விட்ட, லோடு ஏத்த வந்துரு மாப்ளே. படிச்சுக் கிழிச்சது போதும்."

எனக்கு இருந்தது அந்த ஒரு தேர்வுதான். பாஸானால் டிப்ளமோ. இல்லையென்றால் ஆயுசுக்கும் மாமாவின் கைக்குக் கீழே.

மற்ற பாடங்கள் எனக்கு வந்தன. வெப் லேப்பில் நான் மோசமில்லை. பக்கத்தை எப்படிக் கட்டுவது, எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும், போனில் பார்த்தால் எப்படி மடங்க வேண்டும், எல்லாம் வேகமாக எழுதுவேன். அங்கே நிறத்துக்குக்கூடப் பெயர் உண்டு, எண் உண்டு. பச்சை என்று எழுதினால் பச்சை வந்துவிடும். அதை நம்பி அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஊரில் ஒரு கடைக்கு வெப்சைட் செய்ய வேண்டும் என்றார்கள். லேப் சார் என்னையும் தேவாரத்துக்காரனையும் ஒன்றாகப் போட்டார். "அடிச்சுக்கிட்டீங்கள்ல, சேந்து மாரடிங்க." ஏலக்காய்க் கடை ஒன்று கிடைத்தது. வாடிக்கையாளர்கள் விலை விசாரிக்கிற படிவத்தை அவன் எழுதினான். நான் பக்கங்களைச் செய்தேன். கடை முதலாளி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எம் பேரு சின்னதா இருந்தாலும் பரவால்ல தம்பி. காயி பச்சைன்னா பச்சையா இருக்கணும். அதப் பாத்துத்தான் ஆளு வரும்."

அவர் கடைக் காயைப் போட்டோ எடுத்தேன். திரையில் அது மந்தமாகத் தெரிந்தது. காய் எடுப்பாகத் தெரியட்டும் என்று நிறத்தை ஏற்றி இறக்கினேன். பின்னணிக்கு எழுதியிருந்த பச்சையும் சப்பென்று இருந்ததால், நிறப் பலகையில் மவுஸை நகர்த்தி, என் கண்ணுக்குப் பிடித்த இடத்தில் கிளிக் செய்தேன். நான் படித்த படிப்பில் செய்த பெரிய தப்பு அதுதான்.

காட்டப் போன அன்று முதலாளியோடு மலை மேலிருந்து வந்த மலையாளி வாடிக்கையாளர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். வாடிக்கையாளர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எந்தா இது? பழைய காயோ?"

முதலாளி திரையைப் பார்த்தார். ஏலக்காய் வியாபாரிக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. பழுத்து நிறம் போன சரக்கை விற்கிறவன் என்று ஒரு வாடிக்கையாளர் முன்னால், அவர் கடைப் பெயருக்குக் கீழேயே, பெரிதாகப் படம் போட்டிருந்தேன்.

"எவன்டா உன்னைய அனுப்பிச்சான்?"

"யாரும் அனுப்பல முதலாளி. பச்சையாத்தான் போட்டிருக்கேன்."

"பச்சையா? என் மூஞ்சியப் பாத்து இதப் பச்சைங்குறியா?"

கன்னத்தில் விழுந்தது. காய் அள்ளும் தகரக் கரண்டி அவர் கையிலேயே இருந்தது, அதன் விளிம்பு காதைக் கிழித்தது. மேசையைத் தாண்டிப் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காமார்கள் எழுந்து வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். லேப்டாப் தரையில் விழுந்து திரை ஓரத்தில் விரிசல் விட்டது. "வெரசா வெளிய போயிருப்பா, கொன்னு போட்ருவாரு" என்று ஓர் அக்கா என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டே வந்தாள்.

வெளியே தேவாரத்துக்காரன் பைக்கில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"அது பச்சை இல்லடா. செங்கல்லு. நான் ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பெறகு ஏண்டா சொல்லல?"

புருவத்துத் தையல் தழும்பைத் தொட்டுக் காட்டினான். "இதுக்குத்தான்."

அவனை அடிக்கப் போனேன். அவன் நகரவில்லை. என்னையே ஒரு மாதிரிப் பார்த்தான். "இரு, இரு. நெசமாவே அதப் பச்சைன்னு நினைச்சியா?" எதிரே பிளாஸ்டிக் கடையில் வாளிகள் தொங்கின. "அந்த ரெண்டு வாளியும் என்ன கலருன்னு சொல்லு."

"ரெண்டும் ஒரே கலரு."

அவன் சிரிப்பு நின்றது. பிறகு முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தான். "மாப்ளே, உனக்குக் கண்ணு அவுட்டுடா! ஒண்ணு பச்சை, ஒண்ணு காவி!"

ஓங்கிய கையை இறக்கினேன். யாரை அடிப்பது என்று தெரியவில்லை. மேஸ்திரி, அம்மா, லேப் சார், எல்லாரும் அடித்த அடியெல்லாம் அந்த இரண்டு வாளிக்குத்தான் என்று புரிந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கடையையே அடித்து நொறுக்க வேண்டும்போல் இருந்தது. காதிலிருந்து ரத்தம் காலருக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

போனில் தேடிப் படித்தேன். இதற்கு நிறக்குருடு என்று பெயர், பெரும்பாலும் தாய் வழியாக வரும், தாய்மாமனுக்கும் இருக்கலாம் என்று போட்டிருந்தது. மாமா தனக்குச் சட்டை எடுத்ததே கிடையாது, அத்தைதான் எடுப்பாள். மறுநாள் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். சக்கரத்தின் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்களுக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணாத் தெரியுமா?"

வீல் ஸ்பானரோடு எழுந்தார். சுற்றும் பார்த்தார். என் சட்டையைப் பிடித்து ஜீப்பின் மறைவுக்கு இழுத்துப்போய், ஸ்பானரின் பின்பக்கத்தால் தோளில் ஒன்று வைத்தார். கை மரத்துப்போனது.

"எவன்டா சொன்னான்?"

"யாரும் சொல்லல. எனக்கு அப்படித்தான் இருக்கு."

"உனக்கு இருந்தா உன்னோட வச்சுக்க! வெளிய மூச்சு விட்ட, எனக்கும்னு கண்டுபிடிச்சு லைசென்ஸப் புடுங்கிருவாய்ங்க. எஞ் சோலியக் கெடுத்த, கொண்டை ஊசில உருட்டி விட்ருவேன்."

இன்னொரு அடி. அந்த அடியோடு எனக்குப் பதிலும் கிடைத்தது. காலேஜில் போய்ச் சொல்கிற வழி அங்கேயே அடைபட்டது.

லேப் குப்பைத் தொட்டியில் வெட்டிப்போட்ட கேபிள் துண்டுகள் கிடக்கும். அதை அள்ளிக்கொண்டு மத்தியான இடைவேளையில் கட்டடத்துக்குப் பின்னால் போய் உட்காருவேன். படிக்கவில்லை, அதைக் கொன்றுகொண்டிருந்தேன். பல்லால் கடித்து உரிப்பேன், பிரிப்பேன், பிய்ப்பேன், எறிவேன். நீலம் மட்டும் எனக்குத் தெரியும். மற்ற மூன்றும் ஒரே சேறு. அப்படிப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஒரு ஜோடி மற்றதைவிட வம்பு பண்ணியது. பிரிக்கப் பிரிக்க முறுக்கு தீரவில்லை. இன்னொன்று சீக்கிரம் பிரிந்துவிட்டது.

நிறுத்தினேன். ஒரு சாண் நீளத்துக்கு உரித்து, பிரிக்காமல், நகத்தால் தடவி எண்ணினேன். மூன்று ஜோடிக்கும் முறுக்கு வேறு வேறாக இருந்தது. தேவாரத்துக்காரனிடம் கொண்டுபோய் நீட்டி எது எது என்று கேட்டேன். "இது பச்சை, இது ஆரஞ்சு, இது பழுப்பு. குருடன்கிட்ட மாட்டிக்கிட்டேன்டா சாமி" என்றான். நாலைந்து துண்டில் பார்த்தேன். லேப்புக்குக் கேபிள் வெட்டுகிற அந்தப் பெட்டிச் சுருளில் எப்போதும் அதே கதைதான். பச்சை இறுக்கம், ஆரஞ்சு அதைவிடத் தளர்வு, பழுப்பு இன்னும் தளர்வு. கோடு போட்ட வெள்ளை வயர் எதனுடையது என்று கண்ணால் பார்க்கவே வேண்டாம். எதோடு பின்னிக் கிடக்கிறதோ அதன் துணை.

சார் சொல்லிக்கொடுத்தபடி முதலில் எட்டையும் பிரித்து நீட்டினால் எனக்கு எல்லாம் போச்சு. ஒரு ஜோடியை அடையாளம் கண்டு, பிரித்து, விரலிடுக்கில் அதன் இடத்தில் இறுக்கிக்கொண்டு, பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். ஒரு சாண் வீணாகும், கடைசியில் வெட்டிவிடலாம். விரல் நுனி உரிந்து தோல் தொங்கும்வரை அதையே செய்தேன். தேர்வுக்கு முந்தின வாரம் என் விளக்கும் ஒன்று முதல் எட்டு வரை எரிந்தது.

தேர்வன்று வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஓர் அம்மா தேர்வாளராக வந்திருந்தார். மேசையில் ஆளுக்கு ஒரு மீட்டர் கேபிள் வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். லேப் சாருக்கு ஒரு வழக்கம் உண்டு என்று எனக்குத் தெரியாது. தேர்வில் பையன்களுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று அவரே இரண்டு முனையையும் உரித்து, முறுக்கைப் பிரித்து, வயர்களைச் சீப்பால் வாரிய மாதிரி நேராக்கி வைத்துவிடுவார். மற்றவர்களுக்கு அது உதவி. என் முன்னால் சேற்று நிறத்தில் ஆறு வயரும் நீலத்தில் இரண்டும் கிடந்தன.

எல்லாரும் அடுக்க ஆரம்பித்தார்கள். நான் கட்டரை எடுத்து முனையை மேலுறையோடு சேர்த்து வெட்டினேன். திருப்பி அடுத்த முனையையும் வெட்டினேன். ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண் உரித்தேன்.

"டேய்!" சார் வந்துவிட்டார். "யாரக் கேட்டு வெட்டுன? ஒருத்தனுக்கு ஒரு துண்டுதான். கேபிளு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"முடிச்சுருவேன் சார்."

"எகத்தாளம் இன்னும் போகல!" பக்கத்து மேசையில் கிடந்த கேபிளை மடித்து ஓங்கினார். தேர்வாளர் அறையின் மறுபக்கம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக அந்தக் கேபிளுக்கு நான் கை நீட்டியிருக்கிறேன். இந்தத் தடவை அது வரும்போதே பிடித்து, என் முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தேன். சார் மேசை மேல் வந்து விழுந்தார். இடுக்கி கீழே விழுந்து அறை முழுக்கச் சத்தம் கேட்டது.

டி.சி. என் கண்ணில் தெரிந்தது. மாமாவின் ஸ்பானரும் தெரிந்தது. சொல்லிவிட்டேன்.

"எனக்குக் கலர் தெரியாது சார். பச்சை, ஆரஞ்சு, பழுப்பு எதுவும் தெரியாது. ஒரு வருசமா நீங்க அடிச்சது அதுக்குத்தான்."

தேவாரத்துக்காரன் குரல் பின்னாலிருந்து வந்தது. "ஆமா சார். நான் வாளி வச்சே சோதிச்சுப் பாத்துட்டேன்." யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

தேர்வாளர் அம்மா எழுந்து வந்தார். சார் கையிலிருந்த கேபிளைப் பார்த்தார், என் முஷ்டியைப் பார்த்தார். "கேபிளை ரெண்டு பேரும் விடுங்க" என்றார். பிறகு சாரிடம், "நேரம் இருக்குல்ல? அவன் முடிக்கட்டும். நீங்க அங்க போய் உக்காருங்க."

முடித்தேன். உரிந்த விரலில் வயர் வழுக்கியதால் ஒரு முனையை இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது. டெஸ்டரில் எட்டும் வரிசையாக எரிந்தன. ஆனால் வெட்டி வெட்டிக் கேபிள் கையளவுக்குக் குறுகியிருந்தது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க, சுவரில் திருகியிருந்த சுவிட்ச் பெட்டிக்கும் என் கம்ப்யூட்டருக்கும் எட்டவில்லை. மேசையைக் காலால் உதைத்துச் சுவரோடு சேர்த்தேன். சாரின் டீ கவிழ்ந்தது. மாட்டினேன். கறுப்புத் திரையில் எதிர் மெஷினிலிருந்து பதில் வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தேர்வாளர் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, பேப்பரில் எதையோ எழுதி, அடுத்த மேசைக்குப் போனார். பிறகு வந்த மார்க் அதிகமில்லை, பாஸ். சார் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. புகாரும் கொடுக்கவில்லை.

ஆனால் வாளிக் கதை எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. தேர்வன்று சாயங்காலமே ஜீப் ஸ்டாண்டைத் தாண்டும்போது மாமா வழியில் நின்றார். அறைந்தார். இரண்டாவது அறைக்குக் கை வந்தபோது மணிக்கட்டைப் பிடித்தேன். கியர் பிடித்துக் காய்த்த கை. திருகிக்கொண்டு வரப் பார்த்தார். விடவில்லை.

"இனிமே மேல கை வச்சீங்க, மாமான்னு பாக்க மாட்டேன்."

மற்ற டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர் கை தளர்ந்தது. ஜீப்பின் படியில் உட்கார்ந்தார்.

"எம் பேரச் சொன்னியா?"

"இல்ல."

"பாஸா?"

"வெளக்கு எரிஞ்சிருச்சு."

பீடியைப் பற்றவைத்தார். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "தக்காளி பழமா காயான்னு எப்படிப் பாக்குற?"

"அமுக்கிப் பாப்பேன்."

"நானுந்தான்" என்றார்.

தோளில் ஸ்பானர் பட்ட இடம் இன்னும் வலித்தது. அவர் மேல் எனக்குக் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. "ஏறு" என்றார். நான் ஏறவில்லை. சிலமலை பஸ்சுக்கு நடந்தேன்.